குளிர்மேல் போட்ட பழி

ஓய்வு பெற்றவள் என்று என்னை நானே சொல்லிக்கொண்டால் சிரிப்பு வருகிறது. தலையில் ஒரு நரை கூட இல்லை. ஆனாலும் போன மாதம் தேயிலைத் தோட்டத்துப் பட்டறை வேலையை விட்டுவிட்டேன். திருமணமாகிச் சித்தியவான் போகிறேன். அங்கே மலையும் கிடையாது, குளிரும் கிடையாது, காலையில் அடம்பிடிக்கும் லோரியும் கிடையாது.

நான் விலகிய அதே வாரத்தில் தோட்டத்துக்குப் புது லோரி வந்தது. பொத்தானை அழுத்தினால் கிளம்புகிறது. பட்டறையில் எனக்குப் பின்னால் சேர்ந்தவர்கள் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார்கள்.

"அக்கா, பழசும் இன்னும் ஓடுதே. காலையில கெளம்பலேன்னா மொதல்ல எதைத் தொடணும்?"

"ஒண்ணையும் தொடாதீங்க" என்றேன்.

"வெளையாடாதீங்கலா. எழுதிக் குடுத்துட்டுப் போங்க."

நான் விளையாடவில்லை. அந்தப் பதில் எனக்குச் சப்பான்காரர் காலத்தில், சவரிமுத்து அண்ணனோடு வேலை செய்தபோது, ஒரே ஒரு லோரியால் கிடைத்தது. கேட்டதற்காக எழுதுகிறேன்.

பட்டறைக்கு நான் ஆசைப்பட்டு வரவில்லை. மலையடிவாரத் தாப்பாவில் மிஷன் பள்ளியை முடித்துவிட்டுத் தோட்டத்து ஆபீசில் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். சண்டை வந்து வெள்ளைக்காரத் துரைமார் போனார்கள். சப்பான் அதிகாரி ஒருவர் வந்து பங்களாவில் உட்கார்ந்தார். தேயிலையில் ஒரு பகுதியைப் பிடுங்கிவிட்டு மரவள்ளியும் கோஸும் போடச் சொன்னார். அடுத்து, சயாமில் ரயில்பாதை போட ஆள் எடுக்கத் தொடங்கினார்கள். பட்டறை உதவியாட்கள் ஒவ்வொருவராகப் போனார்கள். அவர்களைப் பற்றி ஒரு செய்தியும் வரவில்லை. கடைசியில் பட்டறையில் ஃபிட்டர் சவரிமுத்து அண்ணன் மட்டும் மிஞ்சினார். லோரியின் கையேடு இங்கிலீஷில் இருந்தது. அண்ணனுக்கு அது தெரியாது. எனவே ஆபீசின் தலைமை எழுத்தரான கிராணியார் என்னை அங்கே அனுப்பினார். முதலில் புத்தகம் படித்துச் சொன்னேன். பிறகு ஸ்பானர் எடுத்துக் கொடுத்தேன். பிறகு நானே திருகினேன். பயிற்சி என்று சொல்ல அவ்வளவுதான். முறையாகப் பாடம் படித்துச் சான்றிதழ் வாங்கியது சண்டை முடிந்த பிறகு.

சவரிமுத்து அண்ணனுக்கு அப்போது முப்பத்தைந்து வயது இருக்கும். எல்லாரும் வேலை முடிந்ததும் கை கழுவுவார்கள். அவர் வேலை தொடங்குமுன் கழுவுவார். "நம்ம அழுக்கு அதுக்கு எதுக்கு" என்பார். இன்ஜின் சத்தம் கேட்க ஸ்க்ரூடிரைவரின் மரப்பிடியைக் காதில் வைத்து, முனையை இரும்பில் வைத்து, கண்ணை மூடிக்கொள்வார். அந்த நேரம் யாராவது பேசினால் கண்ணைத் திறக்காமலே ஒரு விரலை உயர்த்துவார். அவருக்குக் கோபம் வந்தால் மரியாதை கூடிவிடும். என்னை எப்போதும் "தெரசா, நீ" என்பவர், நான் எதையாவது கெடுத்துவிட்டால் "நீங்க சொல்லுங்க, நாங்க கேட்டுக்கறோம்" என்பார். லோரி ஓட்டும் மொய்தீன் பாய் இதைக் கேட்டுவிட்டால் வெளியிலிருந்தே குரல் கொடுப்பார்: "அண்ணன் 'நீங்க'ன்னுட்டாரா? முடிஞ்சுது. இன்னிக்கு அந்தப் புள்ளைக்குச் சோறு எறங்காது."

அண்ணனிடம் ஒரு வழக்கம் இருந்தது. எந்த நட்டையும் அவிழ்ப்பதற்கு முன், கோளாறு எது இல்லை என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். எது என்று சொல்லக் கூடாது. எது இல்லை, ஏன் இல்லை என்று மட்டும். முதல் வாரம் நான் "ஃபில்டர் அடைப்பா இருக்கும்ணே" என்று சொல்லிவிட்டு ஸ்பானரை எடுத்தேன். அவர் அதை என் கையிலிருந்து மெதுவாக வாங்கிப் பழைய இடத்தில் வைத்தார். "இருக்கும்னு சொல்றதுக்கு மொய்தீன் பாய் போதும். நீ இல்லாததைச் சொல்லு." சாமான்களை வரிசைப்படுத்தாமல் தூங்கப் போகாத எனக்கு அந்த முறை பிடித்துவிட்டது.

இனி அந்த லோரி. சண்டைக்குப் பல வருடம் முன்பே வாங்கிய டீசல் வண்டி. டீசலில் நெருப்புப்பொறி கிடையாது. காற்றை அழுத்தி, அந்தச் சூட்டில் எண்ணெய் பற்றிக்கொள்ள வேண்டும். குளிரில் இரும்பு அந்தச் சூட்டைக் குடித்துவிடும். அதற்காகவே ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு சூடாக்கும் பிளக் உண்டு. பாட்டரி நன்றாக இருந்தால் அது வேலை செய்யும். எங்கள் பாட்டரி செத்து வெகுநாள். புதிது எங்கும் கிடைக்கவில்லை. ஹேண்டில் போட்டுச் சுற்றலாம் என்றால், அதைச் சுற்றும் அளவு உடம்புள்ளவர்கள் சயாமுக்குப் போய்விட்டார்கள்.

ஆகவே மலைக்காரர்களுக்கே தோன்றும் வழி ஒன்றைப் பிடித்தோம். பட்டறை ஒரு சரிவின் அடியில் இருந்தது. மாலையில் மொய்தீன் பாய் லோரியை மேட்டுக்கு ஏற்றி, அங்கே திருப்பி, மூக்கு கீழே பார்க்க நிறுத்திச் சக்கரத்துக்குக் கல் வைத்துவிடுவார். காலையில் கல்லை எடுத்தால் வண்டி உருளும், கியரில் போட்டு கிளச்சை விட்டால் இன்ஜின் சுழலும், கிளம்பிவிடும். கொஞ்ச காலம் அழகாகக் கிளம்பியது. நாங்கள் பெருமைப்பட்டோம்.

மழையும் குளிரும் கூடிய மாதங்கள் வந்தபோது அது நின்றது. உருளும், இரண்டு தடவை வெடிக்கும், கறுப்பாய் ஒரு மூச்சு விட்டுச் செத்துவிடும். சரிவு முடிந்து பட்டறை வாசலில் வந்து நிற்கும். நாங்கள் எண்ணெய்க் குழாயின் திருகைத் தளர்த்தி, கைப்பம்பை அடித்து, உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்றுவோம். கரி அடுப்பை இன்ஜினுக்கு அடியில் தள்ளுவோம். வெயில் ஏறியதும், மேலே வேலை செய்பவர்களைக் கூப்பிட்டுத் தள்ளச் சொன்னால் கிளம்பும். "குளிர் போச்சு, கெளம்பிருச்சு" என்பார் பாய். தாப்பாவில் நாலு பேர் தள்ளினால் கிளம்பிவிடும், ஒருநாளும் தகராறு செய்ததில்லை. அங்கே சூடு, இங்கே குளிர். வேறென்ன வேண்டும்? நாங்கள் எல்லோரும் குளிர் என்றே நம்பினோம்.

அதே சமயத்தில் எண்ணெயும் மாறியிருந்தது. டீசல் பஞ்சம், செம்பனை எண்ணெயைக் கலந்து கொடுத்தார்கள். அது குளிரில் நெய் மாதிரி உறையும் என்று தெரிந்ததால் பழி இன்னும் உறுதியானது. தேயிலை பாக்டரியிலிருந்து வெந்நீர் தூக்கி வந்து டேங்கின்மேல் ஊற்றினேன். குழாய்களுக்குச் சாக்குச் சுற்றினேன். இன்ஜினுக்குள் காற்று போகும் வாயில் எரியும் துணியைப் பிடித்தேன். கையேட்டை முதலிலிருந்து கடைசிவரை படித்தேன். புத்தகத்தில் இருந்த இன்ஜின் நல்ல டீசலை மட்டும் குடித்தது. எங்கள் வண்டிக்கு அதில் ஒன்றும் இல்லை.

கோஸ் மூட்டைகள் தாப்பா ரயிலைத் தவறவிட்டன. மறுபடியும் தவறவிட்டன. ஒரு நாள் காலை அதிகாரி கிராணியாரோடு பட்டறைக்கு வந்தார். நாங்கள் குனிந்து வணங்கினோம். அவர் குரலை உயர்த்தாமல் பேசினார். கிராணியார் தரையைப் பார்த்துக்கொண்டே தமிழில் சொன்னார்.

"சவரிமுத்து, நாளன்னிக்கு சயாமுக்கு அடுத்த ஆளுங்க போறாங்க. அன்னிக்குக் காலையில வண்டி நேரத்துக்குக் கெளம்பணும். கெளம்பலேன்னா, வண்டி ஓடாத எடத்துல ஃபிட்டர் எதுக்குன்னு கேக்குறாரு. ஒம் பேரையும் சேத்துருவாராம்."

"குளிருங்க" என்றார் அண்ணன்.

கிராணியார் அதை மொழிபெயர்க்கவில்லை. "அவரு ஊருல பனியே பெய்யுமாம்பா. இதைப் போயி நான் எப்படிச் சொல்ல?"

அவர்கள் போன பிறகு அண்ணன் கை கழுவினார். துடைத்தார். மறுபடி கழுவினார். பிஸ்டன் ரிங் தேய்ந்து காற்றழுத்தம் குறைந்திருக்கலாம் என்பது அவர் சந்தேகம். பார்க்க இன்ஜினின் தலையைக் கழற்ற வேண்டும். கழற்றினால் இருக்கும் நாளுக்குள் பூட்ட முடியாது.

மறுநாளும் வண்டி வெயில் ஏறித்தான் போனது. பிற்பகல் திரும்பி வந்து மேட்டில் ஏறி நின்றதும் அதிகாரியின் ஆள் வழக்கம்போல் வந்து மறுநாளுக்கான எண்ணெயை ஊற்றிவிட்டுப் போனான். முன்பெல்லாம் டேங்க் நிறைய ஊற்றுவார்கள். யாரோ எண்ணெய் விற்கிறார்கள் என்று மழைக்காலத் தொடக்கத்தில் சந்தேகப்பட்டதிலிருந்து போய்வரத் தேவையானதை மட்டும் அளந்து ஊற்றினார்கள்.

"சொல்லு தெரசா" என்றார் அண்ணன் பட்டறையில் உட்கார்ந்தபடி. "எது இல்ல?"

"சூடு பண்ற பிளக் இல்லண்ணே. அது தாப்பாவுலயும் செத்துத்தான் கெடக்கு, அங்க கெளம்புது. எண்ணெய் பீச்சுற நாசில் இல்ல. ஓட ஆரம்பிச்சா ஒழுங்கா ஓடுது. ரிங்கும் இல்லன்னு நெனக்கிறேன். ரிங் போயிருந்தா மேட்டுல மூட்டையோட இப்படி ஏறாது."

"நெனக்கிறியா, தெரியுமா?"

"நெனக்கிறேன்."

"அப்ப அதை ஓரமா வை. எண்ணெய் ஒறையிறது?"

"வெந்நி ஊத்தியும் கெளம்பலையே."

"குழாயில ஒறஞ்சா? டேங்குல ஊத்துற வெந்நி அங்க போவாது."

அதைப் பார்க்கலாம் என்று நான் எழுந்தேன். எண்ணெய் பம்பின் அடியில் ஒரு சின்னக் கண்ணாடிக் கிண்ணம் உண்டு. தண்ணீரும் தூசியும் அதில் படியும். எண்ணெய் உறைந்தால் அதில் தெரியும். அந்தக் கிண்ணத்தை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். எல்லாம் வண்டி உருண்டு வந்து பட்டறை வாசலில் நின்ற பிறகு, காற்றை வெளியேற்றும்போது. எங்கள் விளக்கு, சாமான், அடுப்பு எல்லாம் கீழேதான் இருந்தன. மேட்டில் நிற்கும் வண்டியின் பானெட்டை ஒருநாளும் நாங்கள் திறந்து பார்த்ததில்லை.

வெளிச்சம் இருக்கும்போதே மேலே ஏறித் திறந்தேன். உறைந்த கொழுப்பைத் தேடிப் போன எனக்குக் கிண்ணத்தில் ஒன்றுமே தெரியவில்லை. காலியாக இருந்தது. அடியில் ஒரு விரல்கடை எண்ணெய், மேலே காற்று.

அண்ணனைக் கூப்பிட்டேன். அவர் வந்து பார்த்தார். டேங்க் மூடியைத் திறந்து குச்சியை விட்டார். குச்சி நன்றாக நனைந்து வந்தது.

"இங்க இருக்கு. அங்க இல்ல" என்றார்.

"ஒழுகுதாண்ணே?"

அண்ணன் வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டார். டேங்க் நீளமானது, சட்டத்தோடு ஒட்டி முன்னும் பின்னுமாகக் கிடக்கும். அதை விரல்முட்டியால் முன்பக்கத்திலிருந்து தட்டிக்கொண்டே பின்னால் போனார். முதலில் கனமான சத்தம். நடுவில் மாறியது. பின்பக்கம் வெறும் தகரச் சத்தம். எண்ணெய்க்குழாய் டேங்கிலிருந்து வெளியே வருவது அந்தப் பின்பக்கத்தில்.

வெகுநேரம் அவர் வெளியே வரவில்லை. கால்கள் மட்டும் தெரிந்தன. மொய்தீன் பாய் குனிந்து பார்த்துவிட்டு, "அண்ணே, தூங்கிட்டீங்களா?" என்றார்.

"பாய்" என்றது உள்ளிருந்து குரல். "தாப்பா போற வழியில, செங்குத்தா எறங்குற எடத்துல வண்டி என்ன பண்ணும்?"

"ஒண்ணும் பண்ணாதுலா. ஒரு வளைவுல மட்டும் கொஞ்சம் இருமும். வயசான வண்டி, இருமாதா?"

"ஏன்யா இத்தனை நாளா சொல்லல?"

"நீங்க கேட்டீங்களா? காலையில ஏன் கெளம்பலேன்னுதானே கேட்டீங்க."

அண்ணன் வெளியே வந்து முதுகைத் தட்டிக்கொண்டார். "தெரசா, இந்த வண்டிக்குக் குளிரும் இல்ல, ஒண்ணும் இல்ல. நாமதான் அதைத் தலைகீழா நிறுத்தி வச்சிருக்கோம்."

கேட்டதும் எனக்கு எல்லாம் வரிசையாக வந்து நின்றது. மூக்கு கீழே பார்க்க நிறுத்தினால் எண்ணெய் முன்னால் ஓடிவிடும். டேங்க் நிறைந்திருந்தவரை அது தெரியவில்லை. அளந்து ஊற்றத் தொடங்கியதும் பின்பக்கக் குழாய் வாய் திறந்துகொண்டது; இரவெல்லாம் குழாயில் காற்று. காலையில் உருளும்போது மிச்சம் இருந்த எண்ணெயில் இரண்டு வெடி, அப்புறம் காற்று. பட்டறை வாசலின் சமதரைக்கு வந்ததும் எண்ணெய் மறுபடி குழாயை மூடிவிடும். அங்கேதான் நாங்கள் டேங்கைப் பார்ப்போம், எண்ணெய் இருக்கும். காற்றை எடுத்து முடிக்க வெயில் ஏறிவிடும்; கிளம்பும்; நாங்கள் குளிர் போய்விட்டது என்போம். குளிருக்காகக் கண்டுபிடித்த வழியே வண்டியை நிறுத்தியிருக்கிறது.

வழி ஒன்றுதான் இருந்தது. மூக்கு மேலே பார்க்க நிறுத்த வேண்டும். காலையில் பின்னோக்கி உருட்டி, ரிவர்ஸ் கியரில் கிளப்ப வேண்டும். மொய்தீன் பாய்க்கு அது பொறுக்கவில்லை.

"மூட்டையை ஏத்திக்கிட்டு, பனியில, பின்னாலயா? எனக்குப் பின்னால கண்ணா இருக்கு? ஓரத்துல பள்ளம் இருக்குண்ணே. வண்டிக்கும் ஒரு மானம் இருக்கு."

"நீங்க ஓட்டுவீங்க பாய்" என்றார் அண்ணன். அந்த 'நீங்க' எந்த 'நீங்க' என்று பாய்க்குத் தெரியும். ஸ்டியரிங்கில் ஏறி உட்கார்ந்தார்.

வண்டியைக் கீழே உருட்டி, காற்றை எடுத்து, ஆட்களைக் கூப்பிட்டுத் தள்ளிக் கிளப்பி, மேலே ஏற்றித் திருப்பாமல் அப்படியே நிறுத்தினோம். கிண்ணத்தைப் பார்த்தேன். நிறைந்திருந்தது.

மறுநாள் காலை பனி இறங்கிப் பட்டறைக் கூரை தெரியவில்லை. வழக்கம்போல் டேங்கை வெந்நீரால் சூடாக்கினேன். குளிருக்கென்று நாங்கள் செய்த வைத்தியங்களில் உண்மையில் தேவைப்பட்டது அது ஒன்றுதான்; செம்பனை எண்ணெய் உறையக் கூடாது. கீழே அதிகாரி நின்றார். அவருக்குப் பின்னால் சயாமுக்குப் போகிறவர்கள், மூட்டை முடிச்சோடு. அண்ணனின் மனைவி மரியம்மா அண்ணியும் ஒரு மூட்டையோடு நின்றார். கம்பளியில் கட்டிய மூட்டை. அது யாருக்கு என்று நான் கேட்கவில்லை.

அண்ணன் கல்லை எடுத்தார். நான் பள்ளத்தின் ஓரமாக, வெள்ளைத் துணியைக் கையில் பிடித்துக்கொண்டு, பாயின் கண்ணாடியில் தெரியும்படி, வண்டியின் பின்புறத்துக்கு முந்தி இறங்கினேன். வண்டி பின்னோக்கி வந்தது. "இடது, இடது, நேரா" என்று கத்திக்கொண்டே போனேன். கீழே நின்றவர்கள் பனியிலிருந்து ஒரு லோரியின் பின்பக்கம் தங்கள்மேல் வருவதைப் பார்த்து விலகினார்கள். அதிகாரியும் விலகினார்.

பாய் கிளச்சை விட்டார். ஒரு வெடி. இன்னொரு வெடி. வழக்கமாகச் சாகும் இடம் அது. நான் துணியை ஆட்டுவதை நிறுத்திவிட்டேன். மூன்றாவது வந்தது, நான்காவது வந்தது, பிறகு எண்ண முடியவில்லை. செம்பனை எண்ணெய்ப் புகை, வடை சுடும் வாசனையோடு, எங்கள் எல்லோர்மேலும் படிந்தது.

அதிகாரி ஏதோ கேட்டார். கிராணியார் தமிழில் கேட்டார்: "ஏன்பா பின்னால வருது?"

"இங்க இது இப்படித்தான் கெளம்பும்னு சொல்லுங்க" என்றார் மேட்டிலிருந்து இறங்கி வந்த அண்ணன்.

அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். நடந்து போய்விட்டார். கிராணியார் கொஞ்ச தூரம் பின்னால் போய்விட்டுத் திரும்பி வந்து அண்ணனிடம், "நீ நில்லு. மத்தவங்க ஏறட்டும்" என்றார்.

மற்றவர்கள் அந்த லோரியில்தான் ஏறினார்கள். கோஸ் மூட்டைகளுக்கு மேல். நாங்கள் ஓடவைத்த வண்டிதான் அவர்களைக் கொண்டுபோனது. இதை எழுதாமல் விட்டால் நான் எழுதியது பொய்யாகிவிடும். அண்ணன் ஒவ்வொருவரையும் கைபிடித்து ஏற்றிவிட்டார். மரியம்மா அண்ணி மூட்டையை அவசரமாக அவிழ்த்துக் கம்பளியை மேலே வீசினார். யாரோ பிடித்துக்கொண்டார்கள். உள்ளே இருந்த பொட்டலத்தையும் எறிவதற்குள் வண்டி வளைவு திரும்பிவிட்டது.

அதன் சத்தம் கேட்காமல் போகும்வரை மூவரும் நின்றோம். பிறகு பட்டறைக்குள் வந்தோம். அண்ணன் கை கழுவினார். அண்ணி பொட்டலத்தைப் பெஞ்சில் வைத்துப் பிரித்தார். வேகவைத்த மரவள்ளி, கொஞ்சம் மிளகாய்த் துவையல். அண்ணன் ஒரு துண்டைப் பிட்டு என்னிடம் தள்ளிவிட்டு, தானும் ஒன்றை வாயில் போட்டு மென்றார்.

"உப்பு போடலையா?" என்றார்.

"ரயில்ல தண்ணி குடுக்க மாட்டாங்கன்னு சொன்னாங்க" என்றார் அண்ணி. "தவிக்குமேன்னு விட்டுட்டேன்."

உப்பில்லாத அந்தக் கிழங்கை, கடைசித் துண்டுவரை, அண்ணன் அண்ணியின் அருகில் நின்றே சாப்பிட்டார்.